பூட்டிய லாட்ஜில் ஒன்பது பேர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டபோது, "உங்க சாதனைகளைச் சொல்லுங்க மேடம்" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் நான் செய்த சாதனைகள் எல்லாம் நான் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். இயந்திரமும் மின்சாரமும் இருந்தால் போதும். நான் இல்லாவிட்டால் நடந்தே இருக்காது என்று அடித்துச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு தப்பு. அதைத்தான் சொல்லப் போகிறேன். எந்த லேப், எந்த வருடம் என்று கேட்காதீர்கள். தென்காசிப் பக்கம் என்பதை என் பேச்சிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள், அதை மறைக்க முடியாது.

கொரோனாவின் பெரிய அலை ஒன்று ஓய்ந்து, அடுத்தது வருமா வராதா என்று எல்லாரும் வானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் வேலை சொல்வதற்கு எளிது. பாசிட்டிவ் வந்த சாம்பிள்களில் சிலவற்றைப் பொறுக்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, தலைநகரத்து ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். அங்கே வைரஸின் மரபணுவை எழுத்து எழுத்தாக வாசித்து, இது பழையதா, புதிதாக உருமாறியதா, யாருக்கு வந்த வைரஸுக்கு யாருக்கு வந்த வைரஸ் நெருங்கிய சொந்தம் என்று சொல்வார்கள். பதில் வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் வைரஸ் ஊரைச் சுற்றிப் பார்த்து, சொந்தக்காரர் வீட்டிலெல்லாம் தங்கி, புளியரை வழியாகக் கேரளாவுக்கும் போய்த் திரும்பியிருக்கும். ஆனாலும் எந்த ஊரில் எது பரவுகிறது என்று தெரிந்தால்தான் பரிசோதனை முகாமையும் டாக்டரையும் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய முடியும். அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

வைரஸைப் பற்றி உங்களுக்குப் படிப்பில் எல்லாம் சொல்லித் தந்திருப்பார்கள். குழாயோடு கூட வரும் படிவத்தைப் பற்றி ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மரபணுவைப் பொய்யாக எழுத மனுஷனால் ஆகாது. முகவரியைப் பொய்யாக எழுத அரை நிமிடம் போதும், பேனாகூட நாமே கொடுப்போம்.

முதல் அலையில் பாசிட்டிவ் என்று வந்தால் தெருமுனையில் தகரம் அடித்தார்கள், நினைவிருக்கிறதா? உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே போகக்கூடாது. பால்காரர் தகரத்துக்கு மேலே கையை நீட்டிப் பால் ஊற்றிவிட்டுப் போவார். நான் சொல்லும் சமயத்தில் தகரம் அடிப்பதை அநேகமாக நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆனால் பயத்தை நிறுத்தச் சொல்லி யாருக்கும் சுற்றறிக்கை போகவில்லை.

அந்த நேரத்தில்தான் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நாலு நாள் இருக்கும்போது, மத்தியானம் நான் லேப்பில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த வேளையில், அண்ணன் போன் செய்தார்.

"ஏட்டி கோமு, தொண்டை கரகரங்குது. உங்க முகாமுல போயி மூக்குல குச்சிய விட்டுட்டு வரட்டுமா? பாசிட்டிவ்னு வந்துட்டா தெருவுல தகரத்த அடிச்சிருவானுவளே. பொம்பளப்பிள்ளை கல்யாணம்ட்டி!"

நுண்ணுயிரியல் படித்த, அந்த லேப்புக்கே பொறுப்பில் இருந்த நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சோதனை எடு, பாசிட்டிவ் என்றால் கல்யாணத்தைத் தள்ளி வை என்று சொல்லியிருக்க வேண்டும். அதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மற்றவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

"வீட்டு அட்ரஸ ஏன் குடுக்க?" என்றேன். "குத்தாலத்துல ஏதாவது ஒரு லாட்ஜு பேரச் சொல்லு. அங்கன வாரவன் போறவன் ஆயிரம் பேரு. யாரு தேடப் போறா?"

"எந்த லாட்ஜு?"

ஐந்தருவி போகிற வழியில் ஒரு லாட்ஜ் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடப்பதை நான் பஸ்ஸில் போகும்போது பார்த்திருந்தேன். அதன் பெயரைச் சொன்னேன். யாருக்கும் தொந்தரவு வந்துவிடக் கூடாதே என்று பூட்டிய லாட்ஜாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். எதையும் யோசித்துத்தான் செய்வேன் என்று எனக்கு ஆபீசில் நல்ல பெயர் உண்டு.

அண்ணனுக்கு நெகட்டிவ் வந்தது. கரகரப்பு ஊர் ஊராகப் பத்திரிகை வைத்துப் பேசியதால் வந்தது. பொய் சொன்னோம், அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று, யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் அதோடு அதை மறந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு அனுமதி ஐம்பது பேருக்கு. வந்தவர்களை நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்றே தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். மாஸ்க் எல்லாரிடமும் இருந்தது, தாடையில். நான் ரசம் ஊற்றச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் பந்தி நடுவில் நின்று சத்தமாகப் பேசுவது கேட்டது.

"எந்தங்கச்சிதான் லேப்புல பெரிய மேடம். அவளே சொல்லிருக்கா. கல்யாணம் முடிஞ்சு யாருக்காவது சளி காய்ச்சல்னு வந்தா பயப்படாம டெஸ்ட்டு எடுங்க. அட்ரஸு மட்டும் இந்த லாட்ஜு பேரக் குடுங்க. ஒரு பய வீட்டுக்கு வரமாட்டான்."

எழுந்து போய் அவர் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பொத்தவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் பேச்சுக்குப் பந்தியில் மரியாதை கிடைப்பது எல்லா நாளும் நடப்பதில்லையே.

அடுத்து நடந்தது எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது, கவனமாகக் கேளுங்கள். சாம்பிள்களை ஊர்வாரியாகப் பரப்பி எடுக்க வேண்டும் என்பது விதி. நான் வைரஸ் நிறைய இருக்கிற குழாயாகப் பார்த்துப் பொறுக்குவேன். அப்போதுதான் வாசிப்புத் தெளிவாக வரும், "உங்க சாம்பிள் எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம்" என்று அங்கிருந்து பாராட்டு வரும். அந்தப் பாராட்டுக்கு நான் அடிமையாகிக் கிடந்தேன். முகவரிக் கட்டத்தை நான் பார்த்ததே கிடையாது. பார்த்திருந்தால் பெட்டி அனுப்புவதற்கு முன்பே என் தப்பு என் கையில் வந்து விழுந்திருக்கும்.

அது அங்கே சுற்றி மூன்று வாரம் கழித்து வந்தது. காலை பத்து மணிக்குத் தலைநகரத்திலிருந்து ஓர் இளம் விஞ்ஞானி போன் செய்தார்.

"மேடம், கங்கிராஜுலேஷன்ஸ்!"

"எதுக்கு சார்?"

"உங்க பெட்டியில ஒன்பது சாம்பிள் புது வேரியன்ட். ஒன்பதும் கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. எல்லாரும் ஒரே லாட்ஜ்ல தங்கினவங்க மேடம்! பாடப் புத்தகத்துல போடலாம், அவ்வளவு அழகான க்ளஸ்டர்."

லாட்ஜின் பெயரையும் வாசித்தார். நான் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்த அதே பெயர். "ரொம்ப சந்தோஷம் சார்" என்று சொல்லி போனை வைத்தேன்.

ஒன்பது பேரையும் வீடு தேடிப் போன களப்பணியாளர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் போயிருக்கிறார். ஒவ்வொருவரும் பூட்டைப் பார்த்துவிட்டு, "வெளியூர்ப் பயணி, அறையைக் காலி செய்துவிட்டார்" என்று எழுதிக் கோப்பை முடித்திருக்கிறார். என் யோசனை அவ்வளவு கச்சிதமாக வேலை செய்திருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு மேலதிகாரி கூப்பிட்டார். பதவியைச் சொல்ல வேண்டாம், நல்ல மனுஷர், ஓய்வு பெற்றுவிட்டார். "மேடம், நாலு மணிக்கு மீட்டிங். குற்றாலத்துல எல்லா அருவியிலும் குளிக்கத் தடை, லாட்ஜ் கடை எல்லாம் மூடல். ஆர்டர் ரெடி. முகாம் எல்லாத்தையும் அங்கே மாத்தறோம். குற்றாலத்துல க்ளஸ்டர்னு நீங்க ஒரு அறிக்கை குடுத்துக் கையெழுத்துப் போட்டா போதும்."

நீண்ட நாள் பூட்டிக் கிடந்து, அருவியைத் திறந்துவிட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சாரல் அடிக்கத் தொடங்கி, மெயின் அருவியில் வரிசை நிற்க ஆரம்பித்த நேரம். அந்த ஊருக்கு சீசன் மூன்று மாதம், மிச்ச மாதமெல்லாம் அந்த மூன்றை நம்பித்தான். ஏற்கெனவே ஒரு சீசன் போயாயிற்று. இதுவும் போனால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அதைத் தீர்மானிக்கும் பேனா என் மேசையில் கிடந்தது.

பன்னிரண்டு மணிக்கு லாட்ஜ்காரர் வந்துவிட்டார். யாரோ ஓர் அலுவலர், தங்கியவர்கள் விவரம் கேட்டு அவருக்குப் போன் போட்டிருக்கிறார். ஐம்பது வயதுக்காரர், சட்டையெல்லாம் பெயிண்ட். ஒரு சாவிக்கொத்தை என் மேசைமேல் எறிந்தார்.

"இந்தாங்க மேடம் சாவி. பதினாலு ரூம்பு. நீங்களே வந்து தொறந்து பாருங்க. பெருச்சாளி இருக்கு, வவ்வாலு இருக்கு. மனுசன் மட்டும் இல்ல."

"உக்காருங்க அண்ணாச்சி."

"எங்கன உக்கார? போன சீசன் பூரா அருவி தனியா விழுந்துச்சு, பாக்க நாதியில்ல. இப்பதான் பெயிண்டு அடிச்சிட்டு இருக்கேன், வார வெள்ளிக்கெழம தொறக்கலாம்னு. என் லாட்ஜு கெடக்கட்டும், சவத்த விடுங்க. எண்ணெ தேச்சு விடுதவன், நேந்திரங்கா சிப்ஸு போடுதவன், துண்டு விக்கவன், அம்புட்டுப் பேரு வயித்துலயும் அடிக்கப் போறீயளா? எந்த மூதி இந்த அட்ரஸக் குடுத்தான்னு மட்டும் சொல்லுங்க. நான் பேசிக்கிடுதேன்."

அந்த மூதி அவருக்கு எதிரே உட்கார்ந்து, "காப்பி சாப்பிடுதீயளா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் குடித்தார். போகும்போது குரலைத் தணித்து, "உங்களக் கையெடுத்துக் கும்புடுதேன் மேடம். பாத்து எழுதுங்க" என்று சொன்னார். வைததைத் தாங்கிக்கொண்டேன். இதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு மணிக்கு மேலதிகாரி மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை குரல் இதமாக இருந்தது. "மேடம், வியாபாரிகள் ரொம்ப பிரஷர் குடுக்கறாங்க. ஒன்பதும் ஒரே மாதிரி இருக்குன்னா, உங்க லேப்லயே ஒண்ணுக்கொண்ணு கலந்துபோயிருக்கலாம் இல்லையா? யாராவது கான்ட்ராக்ட் ஸ்டாஃப் கவனக்குறைவா... அப்படி எழுதினா எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்கும் என்றதில் நானும் இருந்தேன். அருவி திறந்தே இருக்கும், லாட்ஜ்காரர் பிழைப்பார், என் தலையும் தப்பும். போவது ஒரு கான்ட்ராக்ட் வேலை மட்டும். அந்த வேலையில் இருந்தவள் கலா. சாம்பிள்களைக் கையாண்டது அவள்தான். இரண்டு பிள்ளைகள், செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள்.

கலந்துபோயிருக்குமா என்று பார்க்காமலும் இருக்க முடியாது. அது நியாயமான சந்தேகம்தான். நீங்களும் சந்தேகப்பட வேண்டும், உங்கள் மேசையிலிருந்தே தொடங்க வேண்டும். கலாவைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னேன். கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் நகரவில்லை.

"எம் மேல போட்டுருவாங்களா மேடம்?"

"பாத்துட்டுச் சொல்லுதேன், போ."

அவள் போகவில்லை. நான் பார்த்தேன். ஒரே நாளில், இயந்திரத்தில் வைக்கும் ஒரே தட்டில், அடுத்தடுத்த குழியில் ஓடியிருந்தால் கலந்தது என்று சொல்லலாம். இந்த ஒன்பதும் ஆறு வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு தட்டுகளில் ஓடியவை. பக்கத்தில் ஓடிய மற்றவர்களின் சாம்பிள்களில் பழைய வேரியன்ட்தான் இருந்தது. கலக்கவில்லை. கலா துல்லியமாக வேலை செய்திருந்தாள். தன் லேப்பில் தவறே இல்லை என்று கண்டுபிடித்து, ஒரு லேப் பொறுப்பாளர் மனம் நொந்துபோனது அன்றைக்குத்தான் இருக்கும்.

அப்படியானால் ஒன்பது பேரும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்கள். லாட்ஜில் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். நோயாளிகளின் பெயரை வெளியாளிடம் வாசிப்பதும் குற்றம்தான். அன்றைக்கு நான் ஒரு குற்றத்தோடு நிறுத்தவில்லை.

"அண்ணே, நான் ஒம்பது பேரு வாசிக்கேன். தெரிஞ்ச ஆளான்னு மட்டும் சொல்லு."

முதல் பேர். "நம்ம சுந்தரபாண்டியபுரத்து மச்சினன்லா!"

இரண்டாவது. "அவன் பொண்டாட்டி."

மூன்றாவது. "போட்டோக்காரன். நல்லா எடுத்திருந்தான்."

நான்காவது. "இலத்தூர்ல மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. ரெண்டு தடவ பாயசம் கேட்டு வாங்குனாரே, அவருதான். என்னட்டி இது, பத்திரிகை வச்ச லிஸ்ட்ட வாசிக்கியா?"

எட்டுப் பேர் வரை இப்படியே போயிற்று. ஒன்பதாவது பேச்சியம்மாள், வயது நாற்பது. அண்ணனுக்குத் தெரியவில்லை. பின்னால் மதினியின் குரல் கேட்டது. "எல எடுக்க ராயகிரிலேருந்து நாலு பொம்பளைய வந்தாள்வள்லா, அதுல ஒருத்தி பேச்சி."

சாப்பிட்டு முடித்தவர்களின் இலையை எடுக்க வந்தவள். அண்ணன் பந்தியில் சொன்ன யோசனையை அவளும் இலையை மடக்கிக்கொண்டே கேட்டிருக்கிறாள். அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. முகவரி பொய், ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டவர்களும் வைரஸ் வாங்கியவர்களும் ஒரே ஆட்கள். வைரஸ் போன வழியிலேயே என் யோசனையும் ஆள் ஆளாகப் போயிருக்கிறது. இரண்டும் புறப்பட்டது எங்கள் வீட்டுப் பந்தியில்.

"அண்ணே, நான் மீட்டிங்குல உள்ளதச் சொல்லப் போறேன்."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? பிள்ளை வாழப்போன எடத்துல என்ன நெனைப்பாவ? உனக்கு ரிட்டயர்மெண்டுக்கு ஆறு மாசந்தான கெடக்கு? குத்தாலம் என்ன நம்ம அப்பன் சொத்தா? வாய மூடிட்டுக் கையெழுத்தப் போட்டுட்டு வா."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பேனாவை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலந்துபோனது என்று எழுத மனம் வரவில்லை, அதனால் குற்றாலத்தில் க்ளஸ்டர் என்று அறிக்கையின் முதல் வரியை எழுதியும் விட்டேன். கலா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வாரம் அனுப்ப வேண்டிய பெட்டிக்கான பட்டியலில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லி அதை நீட்டினாள். வாழ்க்கையில் முதல் முறையாக முகவரிக் கட்டத்தைப் பார்த்தேன்.

மறுபடியும் அந்த லாட்ஜ். நான்கு பேர். ஒரு பெயரும் எனக்குத் தெரிந்த பெயர் இல்லை. அண்ணனைக் கேட்டாலும் தெரியாது. கல்யாணத்துக்கு வந்தவர் யாரோ, வராத யாருக்கோ சொல்லியிருக்கிறார்.

கையெழுத்துப் போட்டால் முகாமும் டாக்டரும் குற்றாலத்துக்குப் போவார்கள். நோய் இருக்கிற இலத்தூரிலும் சுந்தரபாண்டியபுரத்திலும் ராயகிரியிலும் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அங்கே விழுகிறவர்கள் எல்லாரும் பூட்டிய லாட்ஜில் தங்கியதாக எழுதிக்கொண்டே இருப்பார்கள். நான் பேனாவைக் கீழே வைத்தது உத்தமி என்பதால் அல்ல. அந்தப் பட்டியலைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. எழுதிய வரியை அடித்தேன்.

நான்கு மணிக்கு மீட்டிங்கில் எழுந்து, குற்றாலத்தில் க்ளஸ்டர் இல்லை, தென்காசியில் ஒரு கல்யாணத்தில் பரவியது, பொய் முகவரி கொடுக்கச் சொல்லித் தந்தது நான், அது என் அண்ணன் வீட்டுக் கல்யாணம், நானும் சாப்பிட்டேன் என்று சொன்னேன். மேலதிகாரிதான் முதலில் பேசினார். அவருக்கு என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

"மேடம், இதை அப்படியே எழுத வேண்டாம். முகவரிப் பதிவில் சிறு குளறுபடின்னு போட்டா போதுமே."

"சிறுசு இல்ல சார். குளறுபடியும் இல்ல. யோசிச்சுச் சொல்லிக் குடுத்தது."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே முகாம்களை அந்த மூன்று ஊர்களுக்கு மாற்றினார்கள். அருவியை மூடும் ஆணையைக் கிழித்துப் போட்டார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன், அதற்கு விளக்கம் கேட்டு இன்னொரு மெமோ வந்தது. அந்தக் கடிதப் போக்குவரத்து ஓய்வு பெறும் நாள்வரை நடந்து ஒரு கடும் எச்சரிக்கையில் முடிந்தது. அண்ணன் நாலு மாதம் என்னோடு பேசவில்லை. கல்யாணப் பெண் மட்டும் போன் செய்து, "அத்தை, எம் மாமனாரு உங்களப் பாக்கணும்னு சொல்லுதாரு, பயப்படாதீங்க, சிரிச்சிட்டுத்தான் சொல்லுதாரு" என்றாள்.

அருவி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாம் நாள் மலையில் பேய்மழை. செந்தண்ணீர் கொட்டி, பாதுகாப்பு வளைவையும் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை போட்டார்கள். அதற்கு யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை. நாலே நாளில் தண்ணீர் தெளிந்து, கூட்டம் வந்து சேர்ந்தது. லாட்ஜ்காரர் வெள்ளிக்கிழமை திறக்க முடியாமல் அடுத்த வாரம் திறந்தார். எனக்குப் போன் செய்தார். கும்பிடு போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த மூதி நீங்கதானாமே மேடம்? இருக்கட்டும், உள்ளதச் சொல்லிட்டீய. ஆனா ஒண்ணு கேக்கேன். அந்த ரோட்டுல எத்தன லாட்ஜு பூட்டிக் கெடந்துச்சு, எம் பேருதான் கெடச்சுதா உங்களுக்கு?"

இதுவரை சொன்னதைக் கேட்டு, உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். பேனாவைக் கீழே வையுங்கள், இன்னும் முடியவில்லை.

அந்த வாரம் சுகாதார ஆய்வாளரோடு நானும் ராயகிரிக்குப் போனேன். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எட்டுப் பேரையும் போனில் பிடித்துவிட்டோம். எல்லாரும் தேறியிருந்தார்கள். பாயசக்காரப் பெரியப்பா என்னிடமே கோபித்துக்கொண்டார். பேச்சியம்மாளை மட்டும் பிடிக்க முடியவில்லை. படிவத்தில் இருந்த நம்பர் அவள் கொழுந்தனுடையது. அவன் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டான்.

கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. வாசலில் கட்டிலில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, குழாயடிவரை நடந்து குடத்தைத் தூக்கப் போனார். நாலைந்து எட்டுதான். குடத்தைத் தொடாமலே திண்டில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு ஏறி இறங்கியது. கரும்பு வெட்டுகிறவர், ஒரு கட்டைத் தனியாகத் தலைக்கு ஏற்றுகிறவர் என்று பிறகு சொன்னார்கள்.

பேச்சியம்மாள் உள்ளிருந்து ஓடி வந்தாள். ஆபீசர்கள் வீடு தேடி வந்ததில் அவளுக்கு ரொம்ப சந்தோஷம். கலர் சோடா வாங்கி வர ஆள் அனுப்பினாள். வேண்டாம் என்று சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

"எனக்கு மூணு நாள்ல சரியாயிட்டு மேடம். அவுகளுக்குத்தான் விடாத காய்ச்சல். பாசிட்டிவ்னா மாத்திரப் பை கொண்டாந்து தருவாவ, வெரல்ல ஒரு மிஷின மாட்டிப் பாப்பாவன்னு சொன்னாவ. வரும் வரும்னு பத்து நாள் வாசலப் பாத்துட்டுக் கெடந்தோம். ஒருத்தரும் வரல."

ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். "அட்ரஸ் தப்பாக் குடுத்தா எப்படிம்மா வருவாங்க? நீங்க ஏன் குத்தாலத்து லாட்ஜ் பேரக் குடுத்தீங்க?"

"நான் என்னத்தக் கண்டேன்? கல்யாண வீட்டுக்காரவுக தங்கச்சி, லேப்புல பெரிய மேடமாம், அவுகளே குடுக்கச் சொன்ன அட்ரஸுன்னாவ. படிச்சவுக குடுக்கச் சொன்னா நல்லதுக்குத்தான் இருக்கும்னு நானும் மனப்பாடம் பண்ணி வச்சிருந்து குடுத்தேன்." சொல்லிவிட்டு, எங்கள் இருவரில் பெரியவளாகத் தெரிந்த என் பக்கம் திரும்பினாள். "எங்க மாத்திரப் பை அந்த லாட்ஜுக்குத்தான் போயிருக்கும்லா மேடம்? இப்பப் போயிக் கேட்டா குடுப்பாவளா?"

குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷரை ஒரு தரம் பார்த்தேன். மெமோவுக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுதியவள், இங்கே ஒரே வரியில் சொன்னேன்.

"பேச்சியம்மா, அந்த லேப் மேடம் நான்தான்."

வைவாள் என்று நின்றேன். வைதால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"நீங்கதானா? அப்பம் ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்களே அந்தப் பைய வாங்கித் தந்துருங்க மேடம்."